பீமாரிஸ்தானின் முற்றமும் நம் மருத்துவமனைகளும்

'பீமாரிஸ்தான்' பாரசீகச் சொல். 'பீமார்' என்றால் நோயாளி. 'ஸ்தான்' என்றால் இடம். அரபிகள் அதனை மருத்துவமனைக்குரிய பெயராகவே ஏற்றுக்கொண்டனர். பிற்காலத்தில் அது 'மாரிஸ்தான்' எனச் சுருங்கி, எகிப்திய மக்கள் வழக்கில் பித்தரை அடைக்கும் விடுதி என்ற அளவுக்குப் பொருளிழந்தது. நோயாளி கிடக்கும் இடமும் அவனுடைய சிகிச்சையில் ஒரு பங்கு என்று கருதியவர்கள் எழுப்பிய கட்டடங்களுக்கு உரிய பெயர் அது என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம்.

பக்தாதில் மருத்துவமனைக்கு இடம் தேடிய அர்ராஸி, நகரின் பல மூலைகளில் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிட்டு, எங்கே அது மெதுவாகக் கெட்டதோ அவ்விடத்தைத் தேர்ந்தார் என்றொரு செய்தி வழங்குகிறது. இதைப் பதிவுசெய்த இப்னு அபீ உஸைபிஆவே அதன் காலக்கணக்கில் ஐயம் கொள்கிறார். அர்ராஸி மறைந்து பல பத்தாண்டுகள் கழித்தே, 982இல், அளுதுத் தவ்லாவின் மருத்துவமனை திறக்கப்பட்டது. செய்தி ஐயத்திற்குரியதாயினும், காற்றைச் சோதித்த பின்னரே சுவரை எழுப்ப வேண்டும் என்ற எண்ணம் அக்காலத்தில் இருந்ததற்கு அது சான்றாகும்.

டமாஸ்கஸில் நூருத்தீன் ஸன்கீ ஹிஜ்ரீ 549இல் (1154) கட்டிய பீமாரிஸ்தானின் நடுவே ஒரு முற்றம். முற்றத்தின் நடுவே ஒரு நீர்த்தடாகம். அதனைச் சுற்றி நான்கு திறந்த கூடங்கள். நம் பள்ளிவாசலின் ஹவுளை அறிந்தவர்களுக்கு இவ்வமைப்பை விளக்க வேண்டியதில்லை. படைத்தலைவராக இருந்தபோது டமாஸ்கஸில் வயிற்று வலியால் துன்புற்ற கலாவூன், இம்மருத்துவமனையின் மருந்தால் நலம் பெற்று, ஆட்சி கிடைத்தால் இதுபோல் ஒன்று கட்டுவதாக நேர்ந்துகொண்டார் என அல்மக்ரீஸி எழுதுகிறார். ஹிஜ்ரீ 683இல் (1284) கெய்ரோவில் அந்நேர்ச்சை நிறைவேறத் தொடங்கியது. காய்ச்சல்காரருக்குத் தனி இடம், கண்நோயாளிக்குத் தனி, அறுவைக்குத் தனி, வயிற்றுப்போக்கிற்குத் தனி, பெண்களுக்குத் தனி. இவை எல்லாவற்றிற்கும் ஓடும் நீர் கொண்டுசெல்லப்பட்டது. நம்மைப் பெரிதும் கவர்வது அதன் வக்ஃப் பத்திரமே. கோடையில் நோயாளிகள் வீசிக்கொள்ள ஓலை விசிறி வாங்கவும், ஒவ்வொருவருக்கும் உணவைத் தனிக் கிண்ணத்தில் மூடிக் கொடுக்கவும் அதில் ஏற்பாடு உண்டு. ஒரு சுல்தானின் சாசனம் விசிறிக்கும் மூடிக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறது.

ஆயினும் பழம்பெருமை பேசி நாம் மயங்கலாகாது. 1184இல் டமாஸ்கஸைக் கண்ட இப்னு ஜுபைர், அங்கே பித்தருக்குச் சிகிச்சை உண்டென்று புகழ்ந்த அதே இடத்தில், அவர்கள் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்ததையும் எழுதிவைத்தார். அச்சங்கிலி எட்டு நூற்றாண்டுகள் கடந்து நம் மண்ணிலும் ஒலித்தது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், ஏர்வாடி தர்காவை நாடி வந்தோரை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கெடுத்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதையே தடைசெய்தது. சட்டம் விலங்கை அகற்றும். சன்னலையும் முற்றத்தையும் கட்டுவோர்தாம் கொடுக்க வேண்டும்.

சன்னலுக்கு இத்தனை முதன்மையா என்று கேட்போருக்கு, 1984இல் ரோஜர் உல்ரிச் என்னும் அமெரிக்கர் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்காட்டலாம். பென்சில்வேனியாவின் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் குறிப்புகளை அவர் ஒப்பிட்டார். 23 பேரின் சன்னல் மரங்களை நோக்கியது. 23 பேருடையது செங்கற்சுவரை நோக்கியது. மரத்தைக் கண்டவர் சராசரியாக 7.96 நாளிலும், சுவரைக் கண்டவர் 8.70 நாளிலும் வீடு திரும்பினர். முன்னவருக்கு வீரியமிக்க வலிநீக்கிகளும் குறைவாகவே தேவைப்பட்டன. சிறிய ஆய்வுதான், அதை வேதவாக்காக்க வேண்டியதில்லை. உடலைப் பற்றிய சான்று இன்னும் தெளிவானது. பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் அளந்து 2007இல் வெளியிடப்பட்ட ஆய்வு, உயர்ந்த கூரையும் பெரிய சன்னல்களும் கொண்ட பழைய கூடங்கள், இயந்திரக் காற்றோட்டம் உள்ள புதிய அறைகளைவிடக் காற்றை நன்கு மாற்றின என்றும், அதனால் காசநோய் தொற்றும் இடர் குறையும் என்றும் காட்டியது.

இதனை நெய்க்காரப்பட்டியிலிருந்து எழுதும்போது நமக்குத் தோன்றுவது வேறொன்று. தெற்கே பழனி மலைத்தொடர். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து வீசும் மேல்காற்று. இக்காற்றை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. இருந்தும் பெற்றோர் நினைவாக மருத்துவமனை கட்டும் நம் செல்வந்தர் பலர், முகப்பு முழுவதும் கண்ணாடி பதித்து, உள்ளே மின்சாரம் நின்றால் மூச்சு முட்டும் அறைகளை அமைக்கின்றனர். மேற்குச் சுவரில் நிழல் விழும் தாழ்வாரம், அதற்குள் சன்னல், எதிர்ச்சுவரில் இன்னொரு சன்னல், வெளியே ஒரு வேம்பு: இதற்கு ஆகும் செலவு அந்தக் கண்ணாடியைவிடக் குறைவாகவே இருக்கும்.

நோயாளியை நலம் விசாரிக்கச் செல்வது ஒரு முஸ்லிமின் மீது மற்றவருக்குள்ள உரிமை என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். வருவோரை 'கூட்டம்' என்று விரட்டும்படி நம் கட்டடங்கள் அமைந்திருப்பது இதற்கு முரணானது. துணைக்கு இருக்கும் தாய் இரவில் பாய் விரிப்பது படிக்கட்டின் அடியில். சாப்பாட்டுத் தூக்கை வைக்கவும் திண்டில்லை. வரைபடம் போடும்போதே பொறியாளரிடம் நாம் கேட்க வேண்டியவை சில உண்டு. விசாரிக்க வருவோர் அடுத்த நோயாளியின் உறக்கத்தைக் கெடுக்காமல் அமர இடம் எங்கே? பெண்களின் கட்டிலுக்கு இழுத்து மூடும் திரை உண்டா? எழ இயலாதவர் உளூச் செய்யக் கை எட்டும் தூரத்தில் நீர் கிடைக்குமா? கட்டிலை எப்பக்கம் போட்டால் படுத்தபடியே கிப்லாவை முன்னோக்க முடியும்? சுவர் எழுந்த பின் கேட்டால் இவற்றுக்கு இடமிராது.