மல்லிகைக்கும் ஒரு சர்வே எண் உண்டு

பூந்தமல்லியைப் பூவிருந்தவல்லி என்று விரித்துச் சொல்வது வழக்கம். திருக்கச்சி நம்பிகள் இங்கே நந்தவனம் வைத்து, மலர் தொடுத்துக் காஞ்சிப் பெருமாளுக்குக் கொண்டு சென்றார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவருக்கு ஒரு சௌகரியம் இருந்தது. தம் பூவை வாங்கிக்கொள்பவர் யார், எங்கே இருக்கிறார் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. இன்று மல்லிகை பயிரிடும் விவசாயிக்கு அந்தச் சௌகரியம் இல்லை. விடியுமுன் மொட்டைப் பறித்துக் கோயம்பேட்டுக்கு அனுப்புகிறார். அன்றைய விலை என்னவோ அதுதான். கோடையில் மகசூல் குவிந்தால் பறிப்புக் கூலிகூடக் கட்டுவதில்லை. மார்கழிப் பனியில் விலை ஏறும்போது செடியில் பூ இருப்பதில்லை.

சென்ற ஆண்டு வெள்ளவேடு பக்கத்திலிருந்து ஐந்தாறு மலர் விவசாயிகள் என்னைப் பார்க்க வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் பூந்தோட்டம். வெளிவட்டச் சாலை வந்த பிறகு அக்கம்பக்கத்து நிலமெல்லாம் மனையாகிவிட, இவர்கள் மட்டும் விடாமல் பயிர் செய்து வருகிறார்கள். கையில் ஒரு அச்சிட்ட தாள். "சார், உலகத்திலேயே அதிகமாகப் பூ வாங்குகிற நாடுகளில் நெதர்லாந்தும் ஒன்றாம். அரசாங்கக் கணக்கே சொல்கிறதாம். தலைக்குப் பத்தாயிரம் முன்பணம் கட்டினால் நம் மல்லியை அங்கே அனுப்பித் தருகிறேன் என்கிறார் ஒருவர். கட்டலாமா?" என்று கேட்டார்கள்.

தாளிலிருந்த கணக்கு பொய்யல்ல. அதைப் படித்த விதம்தான் தவறு. அந்த வித்தியாசத்தைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

சரக்கின் முகவரி

உங்கள் நிலத்தின் பட்டாவில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு என்று வரிசையாக இருக்கிறதல்லவா? நாடு விட்டு நாடு போகும் ஒவ்வொரு சரக்குக்கும் அப்படி ஒரு எண் உண்டு. எச்.எஸ். எண் என்பது அதன் பெயர். பிரஸ்ஸல்ஸ் நகரிலுள்ள உலக சுங்க அமைப்பு இதை நிர்வகிக்கிறது. 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள இந்த ஏற்பாட்டை 200-க்கும் மேற்பட்ட நாடுகள் பின்பற்றுகின்றன. ஐயாயிரத்துக்கும் அதிகமான உட்பிரிவுகள் உண்டு. முதல் ஆறு இலக்கங்கள் உலகம் முழுவதற்கும் பொது. அதற்கு மேல் ஒவ்வொரு நாடும் தன் வசதிக்குச் சில இலக்கங்களைச் சேர்த்துக்கொள்ளும். நம் நாட்டில் மொத்தம் எட்டு இலக்கங்கள்.

மல்லிகையை எடுத்துக்கொள்வோம். அதன் எண் 0603 19 00. முதலிலுள்ள 06 என்பது உயிர்ச்செடிகளும் மலர்களும் அடங்கிய அத்தியாயம். 0603 என்றால் கொய்மலர். பிறகு உட்பிரிவு: ரோஜாவுக்கு 11, கார்னேஷனுக்கு 12, ஆர்க்கிட்டுக்கு 13, சாமந்திக்கு 14, லில்லிக்கு 15. மல்லிகைக்குத் தனி எண் கிடையாது. 19 என்பது "மற்றவை". நம் குண்டுமல்லி, முல்லை, சம்பங்கி, கனகாம்பரம் எல்லாம் இந்த ஒரே கூடையில். ஐரோப்பியர்களின் டியூலிப், ஜெர்பரா மலர்களும் இதே கூடையில்தான்.

விஷயம் இப்போது விளங்கியிருக்கும். நெதர்லாந்து இந்த எண்ணின் கீழ் ஏராளமாக வாங்குவது உண்மை. உலக மலர் வாணிபத்தின் சந்தை மேடை அது. பல நாட்டு மலர்களை ஏலத்தில் எடுத்து மறுபடி பல நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். அங்கே போவது நீண்ட காம்புள்ள, பூச்சாடியில் வைக்கும் மலர். காம்பில்லாத நம் மொட்டை அவர்கள் எந்தச் சாடியில் வைப்பார்கள்? "மற்றவை" என்று முடியும் எண்ணைக் கண்டால், விவசாயி ஒரு முறைக்கு இரு முறை யோசிக்க வேண்டும்.

அப்படியானால் நம் பூ எங்கே போகிறது? கேள்வியைச் சிறிது மாற்றிக் கேட்க வேண்டும். உலகில் யார் அதிகம் வாங்குகிறார்கள் என்று கேட்காமல், இந்த எண்ணின் கீழ் இந்தியாவிலிருந்து யார் வாங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும். கோயிலும் கொண்டை முடிப்பும் உள்ள இடங்களுக்குத்தான் நம் பூ போகும். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள், அமெரிக்கா என்று தேடுவது உத்தமம். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும், பட்டன் ரோஜா, சாமந்தி போன்ற மலர்களும் 2021 ஜூலையில் அமெரிக்காவுக்கும் துபாய்க்கும் தமிழ்நாட்டிலிருந்து அனுப்பப்பட்ட செய்தி நினைவிருக்கலாம். அங்கேயுள்ள நம்மவர்கள் வீட்டிலும் கோயிலிலும் சாமிக்குச் சாற்றத்தான் அந்தப் பூ.

மாத வாரிக் கணக்கும் கிடைக்கிறது. தீபாவளி, பொங்கல் மாதங்களில் ஒரு நாடு வாங்கும் அளவு ஏறி, பிறகு இறங்கினால் அது நம் பூவாகவே இருக்கக்கூடும். காதலர் தினமுள்ள பிப்ரவரியில் மட்டும் ஏறினால் வேறு பூவாக இருக்கலாம்.

தொடுத்த சரத்துக்கு வேறு எண்ணா என்று ஒரு அம்மாள் கேட்டார். நல்ல கேள்வி. இல்லை. பூங்கொத்து, மலர்வளையம் போன்றவையும் அந்தந்தப் பூவின் தலைப்பிலேயே அடங்கும் என்று அத்தியாயத்தின் குறிப்பு சொல்கிறது. நாரும் நூலும் கணக்கில் வராது. ஆனால் மல்லிகையிலிருந்து எடுக்கும் வாசனைத் தைலம் 33-ம் அத்தியாயத்துக்குப் போய்விடும். ஒரு சங்கதி: மல்லிகைத் தைலத்துக்கு 3301 22 என்று உலகப் பொது எண் ஒன்று தனியாகவே இருந்தது. 2007 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது தைலமும் "மற்றவை"தான்.

நான் செய்த தவறு

ஆவடி, திருநின்றவூர் பக்கத்துக் கீரை விவசாயிகள் கூட்டம் ஒன்றில், கீரைக்கு வெளிநாட்டில் உள்ள தேவை என்று ஒரு பட்டியலைப் படித்தேன். 0709 70 என்ற எண்ணில் எடுத்தது. வீட்டுக்கு வந்து மறுபடி பார்த்தபோதுதான், அது ஸ்பினாச் என்னும் சீமைக் கீரைக்கும் அதன் இனத்துக்கும் உரிய எண் என்பது உறைத்தது. நம் முளைக்கீரையும் அரைக்கீரையும் 0709 99-ல், முருங்கைக்காயோடு சேர்ந்து "மற்றவை"யில் கிடக்கின்றன. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று திருத்திச் சொன்னேன். முனைவர் பட்டம் இருந்தும் இப்படியா என்று ஒரு பெரியவர் சிரித்தார். அவர் சிரித்ததில் நியாயம் உண்டு.

ஒரே விளைபொருள் பதப்படுத்தும் நிலையைப் பொறுத்து எண் மாறும். பச்சை முருங்கைக்காய் ஏழாம் அத்தியாயம். முருங்கை இலையை உலர்த்திப் பொடி செய்தால், அதை உலர்ந்த காய்கறி என்று 0712-ல் சேர்ப்பதா, மருந்துச் செடி என்று 1211-ல் சேர்ப்பதா என்ற கேள்வி எழும். எண்ணுக்கேற்ப இறக்குமதித் தீர்வையும் சோதனையும் மாறும். ஐரோப்பிய நாடுகள் நம் கறிவேப்பிலையை மருந்துச் செடிகளின் வரிசையில், 1211 90-ல் வைத்துப் பூச்சிமருந்து எச்சத்துக்காகச் சோதிக்கின்றன. ரசத்தில் போடும் இலை என்று அங்கே வாதாடிப் பயனில்லை. ஆதலால் வாங்குபவர் தம் நாட்டில் எந்த எண்ணில் சரக்கை இறக்குகிறார் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது அவசியம்.

எண் மாறினால் விலையும் மாறும்

ஏற்றுமதியே செய்யாத விவசாயிக்கு இது எதற்கு என்று எண்ண வேண்டாம். நெல் பயிரிடுவோர் 2023-ஐ நினைத்துப் பார்க்கலாம். அந்த ஆண்டு ஜூலை 20-ல் மத்திய அரசு பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடை செய்தது. தடை உத்தரவு குறிப்பிட்ட எண் 1006 30 90. புழுங்கல் அரிசியின் எண் அப்போது 1006 30 10. அதற்குத் தடை இல்லை. ஆகஸ்ட் 25 முதல் 20 சதவீதம் ஏற்றுமதித் தீர்வை மட்டும் விதித்தார்கள். ஒரே களத்து நெல்தான். ஆலையில் அவித்தால் கப்பலேறலாம், அவிக்காவிட்டால் ஏறமுடியாது என்ற நிலை. 2024 செப்டம்பர் இறுதியில் தடை நீங்கியது. இத்தகைய உத்தரவுகள் எண்ணை வைத்தே பிறப்பிக்கப்படுகின்றன. தம் சரக்கின் எண்ணைத் தெரிந்தவருக்கு, பத்திரிகைச் செய்தியைப் படித்த அன்றே அது தம்மைப் பாதிக்குமா இல்லையா என்பது தெரிந்துவிடும். மற்றவர் வியாபாரி சொல்வதை நம்ப வேண்டியதுதான்.

விலையைக் கணக்கிடுவது

சுங்க இலாகாவில் பதிவாகும் கணக்கைக் கொல்கத்தாவிலுள்ள மத்திய வாணிபப் புள்ளிவிவர இயக்ககம் தொகுக்கிறது. வர்த்தக அமைச்சகத்தின் "டிரேட்ஸ்டாட்" என்ற இணையதளத்தில் எண்ணைக் கொடுத்தால் நாடு வாரியாக மதிப்பும் அளவும் வரும். வேளாண் பொருள்களுக்கு அபீடா நிறுவனத்தின் தளம் உண்டு. பிற நாடுகளின் கணக்கை ஜெனீவாவிலுள்ள சர்வதேச வாணிப மையத்தின் "டிரேடு மேப்" தளத்தில் பார்க்கலாம். கல்லூரியில் படிக்கும் பிள்ளை வீட்டிலிருந்தால் செல்போனிலேயே எடுத்துத் தந்துவிடும்.

மதிப்பை அளவால் வகுக்க வேண்டும். கணக்கு விளங்குவதற்காக மட்டும் ஒரு உதாரணம்: ஒரு நாட்டுக்கு ஓராண்டில் 50,000 கிலோ, மதிப்பு 2 கோடி ரூபாய் என்றால் கிலோவுக்கு 400 ரூபாய். உடனே கோயம்பேட்டு விலையோடு ஒப்பிட்டு மயங்கிவிடக் கூடாது. நம் நாட்டு ஏற்றுமதிக் கணக்கில் இருப்பது, விமானத்தில் ஏற்றும் வரையிலான மதிப்பு. அதில் தொடுக்கும் கூலி, பெட்டி, குளிர்ச்சிக்கான ஐஸ், மீனம்பாக்கம் வரை வண்டிச் சத்தம், ஏஜெண்டு கமிஷன், ஏற்றுமதியாளரின் லாபம் அனைத்தும் அடக்கம். இவற்றைக் கழித்து மிஞ்சுவதுதான் பூவின் விலை. வாங்கும் நாட்டின் கணக்கிலோ விமானக் கட்டணமும் இன்ஷூரன்ஸும் சேர்ந்திருக்கும். ஆதலால் ஒரே சரக்குக்கு இரண்டு நாட்டுக் கணக்கும் ஒத்துப்போகாது. அதிக விலை தெரியும் கணக்கை மட்டும் காட்டி ஆசை மூட்டுபவர்களிடம் எச்சரிக்கையாக இருக்கவும்.

ஓராண்டுக் கணக்கை நம்பிப் பதியன் வைக்க வேண்டாம். குறைந்தது ஐந்தாண்டுக் கணக்கைப் பாருங்கள். நடுவில் திடீரென்று சரிந்திருந்தால் காரணம் தேடுங்கள். 2014 மே மாதம் ஐரோப்பிய நாடுகள் பழ ஈ போன்ற பூச்சிகள் இருந்ததைக் காட்டி நம் மாம்பழத்தையும், கத்தரி, பாகல், புடல், சேம்பையும் நிறுத்தி வைத்தன. அந்தக் காலக் கணக்கை மட்டும் பார்ப்பவர், அங்கே பாகற்காய் தின்ன ஆளில்லை என்று நினைத்துவிடுவார்.

எல்லாச் சிறு விவசாயிகளும் தாமே ஏற்றுமதி செய்யலாம் என்று சொல்வோர் உண்டு. எனக்கு அதில் சம்மதம் இல்லை. ஏற்றுமதி இறக்குமதிப் பதிவு எண் வாங்க 500 ரூபாய்தான் கட்டணம், அது பெரிதல்ல. மீனம்பாக்கத்தில் பயிர்ப் பாதுகாப்புச் சான்று பெறுவதும், வாரந்தோறும் குறைவில்லாமல் ஒரே தரத்தில் சரக்குக் கொடுப்பதும் அரை ஏக்கர்காரரால் தனியே ஆகிற காரியமல்ல. உற்பத்தியாளர் குழுவாகச் சேர்ந்து, ஏற்கெனவே அனுப்பி வரும் ஒருவருக்குச் சரக்குக் கொடுப்பதே ஆரம்பத்தில் நல்லது. கணக்கு தெரிந்தவர் அவரிடம் விலை பேச முடியும்.

வெள்ளவேட்டுக்காரர்கள் முன்பணம் கட்டவில்லை. "நெதர்லாந்துக்கு மல்லி அனுப்பிய ஷிப்பிங் பில் ஒன்றைக் காட்டுங்கள்" என்று மட்டும் அந்த நபரிடம் கேட்டார்கள். கொண்டுவருகிறேன் என்று போனவர் திரும்பவில்லை. பிறகு வளைகுடாவுக்குப் பூ அனுப்பும் வேறொருவரைத் தேடிப் பிடித்து இதே கேள்வியைக் கேட்க, அவர் பில்லைக் காட்டினார். 0603 19 00, துபாய் என்று இருந்தது. தொடுத்த சரத்துக்குத் தனி விலை, உதிரிக்குத் தனி விலை என்று பேச்சு நடக்கிறது. அவர் சொல்லும் விலை பனிக்காலத்துக்குக் குறைவு, கோடைக்கு நல்ல விலை. ஆண்டு முழுவதும் ஒரே விலை வேண்டுமா, பருவத்துக்கு ஒரு விலையா என்பதில் குழுவுக்குள்ளேயே இன்னும் ஒத்த கருத்து ஏற்படவில்லை.

தங்கள் விளைபொருளுக்குரிய எண்ணை அறிய விரும்பும் விவசாயிகள் திருவள்ளூர் மாவட்டம் திரூரிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். வரும்போது பொருளின் பெயரோடு, பச்சையாகவா, உலர்த்தியா, பொடியாகவா, எந்த நிலையில் விற்க உத்தேசம் என்பதையும் குறித்துக்கொண்டு வரவும்.