சோதிப்பவர் யார் பக்கம்?

2009 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் வாண்டன்பர்க் தளத்திலிருந்து டாரஸ் எக்ஸ்எல் ராக்கெட் ஒன்று கிளம்பியது. காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்க நாசா உருவாக்கிய ஓசிஓ செயற்கைக்கோள் அதில் இருந்தது. குறித்த உயரத்தில் பிரிந்து விழவேண்டிய வெப்பக் கவசம் பிரியவில்லை. அந்தச் சுமையோடு சுற்றுப்பாதையை எட்ட முடியாமல் செயற்கைக்கோள் அண்டார்டிகா பக்கத்துக் கடலில் விழுந்தது. 2011 மார்ச்சில் குளோரி என்ற செயற்கைக்கோள் அதே ரக ராக்கெட்டில் போனது. அதிலும் கவசம் பிரியவில்லை. நாசாவுக்கு மொத்த இழப்பு 70 கோடி டாலருக்கு மேல். முழு விவரத்தையும் 2019 ஏப்ரலில்தான் நாசா வெளியிட்டது. கவசத்தைப் பிணைத்திருந்தது வெடிவிசையில் முறியவேண்டிய ஒரு மூட்டு. அதற்கான அலுமினியத்தை அச்சு வழியே பிதுக்கி எடுத்துத் தந்தது ஓரிகன் மாநிலத்தின் சாபா புரொஃபைல்ஸ் நிறுவனம். 1996 முதல் 2015 வரை, 19 ஆண்டுகள், அது சோதனைச் சான்றிதழ்களில் எண்களை மாற்றி எழுதி வந்திருக்கிறது.

அங்கே நடந்த வேலை பெரிய சூழ்ச்சி ஒன்றுமில்லை. ஒவ்வொரு உலோகத் தொகுதியிலிருந்தும் மாதிரி வெட்டி, இயந்திரத்தில் மாட்டி, அறும்வரை இழுத்து, எவ்வளவு விசை தாங்கியது என்று குறிக்க வேண்டும். தேறாத எண் வந்தால் தேறிய எண்ணாகத் திருத்தினார்கள். சில சமயம் இயந்திரத்தை விதிக்கு மேல் வேகமாக ஓட்டினார்கள். மாதிரியையே விதிக்குப் புறம்பாக வெட்டினார்கள். உலோகத்தின் தரம் நிலையாக இல்லாததை மறைப்பது ஒரு நோக்கம். இன்னொன்று, உற்பத்தி அளவைப் பொறுத்துக் கிடைத்த போனஸ். இந்த இரண்டாவது காரணத்தைத்தான் நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களுக்கு ஆயிரக்கணக்கான பொய்ச் சான்றிதழ்கள் போயிருக்கின்றன. சோதிக்கிறவரின் வருமானம் சோதனையில் தேறும் சரக்கின் அளவோடு கட்டப்பட்டிருந்தால், சான்றிதழ் தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொண்டவர் போட்ட மதிப்பெண்ணாகிவிடுகிறது. விமான, ராணுவத் தொழிலில் தரக் கட்டுப்பாடு பற்றிய விவாதமெல்லாம் எத்தனை விதிகள், எத்தனை படிவங்கள் என்பதிலேயே நிற்கிறது. சோதிப்பவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதுதான் முதலில் கேட்கவேண்டிய கேள்வி.

இந்தத் தொழில் சான்றிதழ் இல்லாமல் நடக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொருளின் நீளத்தை எப்போது வேண்டுமானாலும் அளந்து பார்க்கலாம். வெப்பப் பதப்படுத்தல், வெல்டிங், முலாம் பூசுதல் போன்றவை அப்படியல்ல. செய்து முடித்த பொருளைப் பார்த்து வேலை சரியாக நடந்ததா என்று முழுமையாகச் சொல்ல முடியாது. உடைத்துப் பார்த்தால் தெரியும், ஆனால் உடைத்ததை விமானத்தில் மாட்ட முடியாது. அதனால்தான் இத்தகைய வேலைகளுக்கு நாட்கேப் என்ற தனி அங்கீகாரமும், 1999இல் வெளிவந்த ஏஎஸ் 9100 என்ற தர மேலாண்மை நெறியும் இருக்கின்றன. பொதுத் தொழில்களுக்கான ஐஎஸ்ஓ 9001ஐ அடித்தளமாகக் கொண்டு விமானத் தொழிலின் கூடுதல் நிபந்தனைகளைச் சேர்த்தது இது. இந்த நெறிப்படி பெறும் சான்றிதழ் மூன்றாண்டு செல்லும்; இடையில் ஆண்டுதோறும் ஆடிட் உண்டு. ஆனால் ஆடிட்டர் பார்ப்பது அமைப்பை: நடைமுறை எழுதப்பட்டிருக்கிறதா, பதிவுகள் அதனோடு ஒத்துப்போகின்றனவா. திருத்தி எழுதிய பதிவு எப்போதும் அழகாகவே ஒத்துப்போகும்.

வேண்டுமென்றே பொய் சொல்கிறவனை எந்த விதி தடுக்கும், இது போலீஸ் வேலையல்லவா என்று கேட்கலாம். பாதி நியாயம். வழக்கும் நடந்தது, நிறுவனம் 4 கோடியே 60 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது, சோதனைக்கூட மேற்பார்வையாளர் ஒருவர் சிறை சென்றார். ஆனால் கட்டிய தொகையை இழப்போடு வைத்துப் பாருங்கள்: பதினைந்தில் ஒரு பங்குகூட இல்லை. மேலும், 19 ஆண்டுகள் ஒரு பொய் நீடித்ததென்றால், வாங்கியவர்களின் சரிபார்ப்பு எந்த அளவில் இருந்தது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. 2016இல் வெளிவந்த ஏஎஸ் 9100இன் ‘டி’ பதிப்பு இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. மூலப்பொருளால் பெரிய ஆபத்து வரக்கூடும் என்று அடையாளம் கண்டால், விற்றவர் தந்த சோதனை அறிக்கை சரிதானா என்று உறுதிசெய்ய வாங்குகிறவரே ஒரு நடைமுறை வைத்திருக்க வேண்டும். எல்லாத் துண்டையும் மறுபடி சோதிக்க வேண்டியதில்லை. எப்போது எதை எடுத்துப் போவார்கள் என்று விற்பவருக்குத் தெரியாமல் அவ்வப்போது ஒரு மாதிரியை வெளிச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினாலே, பொய் எழுதுவது துணிச்சலான காரியமாகிவிடும்.

காகிதம் பெருகினால் வேலை நிற்கும் என்கிறார்கள். காகிதம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். 2024 ஜனவரி 5 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸின் போயிங் 737-9 விமானம் போர்ட்லண்டிலிருந்து கிளம்பிய சில நிமிடங்களில், பயன்படாத கதவிடத்தை மூடியிருந்த பலகை பிய்த்துக்கொண்டு போனது. அதைப் பிடித்திருக்க வேண்டிய நான்கு போல்ட்டுகளும் இல்லை. போயிங்கின் ரென்டன் ஆலையில் பக்கத்து ரிவெட்டுகளைச் சரிசெய்வதற்காகப் பலகையைத் திறந்திருக்கிறார்கள். திறந்ததற்குப் பதிவில்லை, அதனால் மூடியதைச் சோதிக்க வேண்டுமென்றும் யாருக்கும் தோன்றவில்லை. சாபாவில் காகிதம் பொய் சொன்னது, ரென்டனில் காகிதமே இல்லை. இரண்டு இடத்திலும், வேலையை முடிக்கும் அவசரம் இல்லாத இன்னொரு கண் வேலையின்மேல் படவில்லை.

செலவு பற்றிய ஆட்சேபம்தான் கனமானது. சென்னை, ஓசூர், கோவை, சேலம், திருச்சி ஆகிய ஐந்து இடங்களை இணைக்கும் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் நுழைய நினைக்கும் ஒரு சிறு பட்டறைக்கு, ஜாப் ஆர்டர் கிடைக்கும் முன்பே ஆடிட் செலவு, ஆவணங்களுக்குத் தனி ஆள் என்று பணம் போகிறது. அதோடு வெளிச்சோதனையும் என்றால் தாங்காது. அதைப் பட்டறையின் தலையில் கட்டுவதும் தவறு. பொதுச் சோதனைக்கூடங்களுக்காகவே 2020இல் ஒன்றிய அரசு 400 கோடி ரூபாயில் ஒரு திட்டம் தொடங்கியது. செலவில் 75 சதவீதம் வரை மானியம். இந்தக் கூடங்களைச் சிறு தொழிலுக்கான சலுகையாக மட்டும் பார்க்கிறார்கள். உருப்படியை வாங்கும் பெரிய நிறுவனமே தன் செலவில் மாதிரியை இங்கே அனுப்பி, முடிவை நேரடியாகப் பெறுவதை ஒப்பந்த நிபந்தனையாக்கினால், பட்டறைக்குச் செலவும் இல்லை, எண்ணைத் திருத்த வாய்ப்பும் இல்லை.