சிறுநீர் சொல்லும் சாட்சி

லண்டன் கைஸ் மருத்துவமனையின் வைத்தியரான ரிச்சர்ட் பிரைட், தேகம் வீங்கி வந்த நோயாளிகளின் சிறுநீரைக் கரண்டியில் ஏந்தி மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி, அது வெண்மையாய்த் திரள்வதைக் கண்டு, கோளாறு சிறுநீரகத்தில் உள்ளதென்று 1827-ல் வெளியிட்டார். அதே மருத்துவமனையில் பிரசவம் பார்த்த ஜான் லீவர், பேறுகால வலிப்புக் கண்ட ஸ்திரீகளின் முகமும் கைகளும் பிரைட்டின் நோயாளிகளைப் போலவே வீங்கியிருக்கக் கண்டு, அவர்கள் சிறுநீரையும் காய்ச்சிப் பார்த்தார். ஏறக்குறைய எல்லோரிடமும் ஆல்புமின் என்னும் புரதம் இருந்தது. அத்துடன் நில்லாமல், பிரசவத்துக்கு வந்த வேறு ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களையும் சோதித்து, வலிப்பின் முன்குறிகள் தோன்றியவர்களைத் தவிர மற்றவர்களிடம் அது இல்லை என்று 1843-ல் எழுதிவைத்தார். நோயற்றவர்களையும் சோதித்து ஒப்புநோக்கிய அந்த ஒரு விவேகத்துக்காகவே அவரை வணங்கலாம். ரத்த அழுத்தத்தைத் துணைக்கு அழைக்க அவருக்கு வழியில்லை; புஜத்தில் பட்டை சுற்றி அதை அளக்கும் கருவியை ரிவா-ரோச்சி அமைத்தது 1896-ல்தான்.

புரதம் ஏன் ஒழுகுகிறது என்பதற்கு நெடுங்காலம் தக்க விடை இல்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஆராய்ந்த அனந்த் கருமாஞ்சியும் அவருடைய சகாக்களும், ரத்தக் குழாய்களைப் போஷிக்கும் காரணிகளைப் பிடித்து முடக்கிவிடும் ஒரு பொருளை, வலிப்புக்கு முந்திய இந்நோயில் நஞ்சுக்கொடி மிகையாகச் சுரக்கிறது என்றும், அதை எலிகளுக்குச் செலுத்தினால் ரத்த அழுத்தமும் சிறுநீர்ப் புரதமும் சேர்ந்தே தோன்றுகின்றன என்றும் 2003-ல் காட்டினார்கள். வியாதியின் வித்து நஞ்சுக்கொடியில். சிறுநீரகத்தின் வடிகட்டி அதனால் அடிபடும் உறுப்புகளில் ஒன்று.

இன்று மஞ்சள் பட்டையொன்றைச் சிறுநீரில் நனைக்க, அது பச்சையாக மாறும் அளவைக் கொண்டு புரதத்தை மதிப்பிடுகிறார்கள். சோதனைக் குழாயின் மேற்பாகத்தைக் காய்ச்சி, கலங்கினால் சில துளி அசெட்டிக் அமிலம் விட்டு, கலங்கல் கரைந்தால் பாஸ்பேட், நின்றால் புரதம் என்று தீர்மானிக்கும் பழைய முறையும் நம் செவிலியர் அறிந்ததே. பட்டையை முழுதும் நம்புவதற்கில்லை: வெள்ளைப்படுதல் கலந்தாலும், கிருமித் தொற்று இருந்தாலும், சிறுநீர் மிகவும் அடர்ந்திருந்தாலும் அது பொய்யாகப் பச்சை காட்டும்; நீர்த்திருந்தாலோ உள்ளதை மறைத்துவிடும். ஆகையால் ஐயம் எழுந்தவிடத்து, 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து 300 மில்லிகிராம் எட்டுகிறதா என்றோ, ஒரே மாதிரியில் புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம் 0.3-ஐத் தொடுகிறதா என்றோ பார்க்கிறார்கள்.

முந்தைய கர்ப்பத்தில் வலிப்போ அதற்கு முந்திய இந்நோயோ கண்டவர்கள், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள், நீரிழிவோ நாட்பட்ட ரத்த அழுத்தமோ சிறுநீரகப் பிணியோ உள்ளவர்கள் ஆகியோரிடம், என் அபிப்பிராயத்தில், கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே எடுத்துவைக்கும் புரத அளவுதான் மிகப் பயனுள்ளது. முன்பே புரதம் ஒழுகுபவளுக்கு ஏழாம் மாதத்தில் பட்டை பச்சையானால், அது பழைய பிணியா புதிய ஆபத்தா என்று வேறு எதை வைத்துத் தீர்மானிப்பது? மறுபுறம், பட்டை மாறவில்லை என்று நிம்மதியாக இருப்பதும் தகாது. இருபது வாரத்துக்குப்பின் ரத்த அழுத்தம் 140/90-ஐ எட்டி, தீராத தலைவலியோ, பார்வை மங்கலோ, வலது விலாவின் கீழ் வலியோ, ரத்தத் தட்டணுக்களின் குறைவோ கண்டால், புரதம் இல்லாமலே நோயை நிர்ணயிக்கலாம் என்று அமெரிக்க மகப்பேறு வைத்தியர் சங்கம் 2013-ல் விதியைத் திருத்திவிட்டது. புரதம் எவ்வளவு மிகுந்தாலும், அதை மட்டும் காரணமாக வைத்துப் பிரசவத்தை முன்தள்ளுவதும் இப்போது வழக்கமில்லை. பேற்றுக்குப்பின் பெரும்பாலும் அது தானே வடிந்துவிடும். மூன்று மாதம் கழிந்தும் நீடித்தால், சிறுநீரக வைத்தியரிடம் அனுப்ப வேண்டும்.