கிடங்குக் கடனுக்குச் சந்தைக் கட்டண உயர்வு வேண்டாம்

கணியம்பாடி வட்டாரத்தில் ஒரு பெரிய சேமிப்புக் கிடங்கும், உலர்களமும், புளி வைக்க ஒரு குளிர்பதன அறையும் வந்தால் வேண்டாம் என்று சொல்கிற விவசாயி யாரும் இருக்க மாட்டார். அறுவடை நேரத்தில் களத்திலேயே விற்றுத் தீர்க்க வேண்டிய நெருக்கடி உங்களுக்குத்தான் தெரியும். ஆனால், இப்படி ஒரு பொது வசதியைக் கடன் வாங்கிக் கட்டினால் அந்தக் கடனை யார் அடைப்பது? விவசாயக் கூட்டங்களில் இந்தக் கேள்வி வந்தவுடன் சுலபமான ஒரு பதிலும் வந்துவிடுகிறது: 'சந்தைக் கட்டணத்தை அரை சதவீதமோ ஒரு சதவீதமோ ஏற்றினால் போதும், வியாபாரிதானே கட்டப் போகிறார்.'

இந்த யோசனையை விவசாயிகள் ஏற்கக் கூடாது. கிடங்கு வேண்டும், அதன் கடனை விற்பனை மீது போடும் கட்டணத்தால் அடைப்பது வேண்டாம். ஏன் என்று பார்ப்போம்.

இப்போது உள்ள கட்டணம்

தமிழகத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. சென்னை மாகாண வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டம் 1933-ல் வந்தது. முதல் விற்பனைக்கூடம் 1936-ல் திருப்பூரில் தொடங்கியது. இன்று நடைமுறையில் இருப்பது 1987-ம் ஆண்டுச் சட்டம். அறிவிக்கை செய்யப்பட்ட விளைபொருளின் விற்பனை மதிப்பில் 1 சதவீதம் சந்தைக் கட்டணம். நாம் 'செஸ்' என்று சொல்வது இதைத்தான். இதைச் செலுத்த வேண்டியவர் வாங்கும் வியாபாரி. விவசாயியிடம் வசூலிக்கக் கூடாது.

சரியான எடை, ஏலம், உடனடிப் பணம், கிடங்கு வசதி, பொருளீட்டுக் கடன் ஆகியவற்றைத் தரும் அமைப்பை நடத்த இந்த 1 சதவீதம் பயன்படுகிறது. அதில் தவறில்லை. கட்டணத்தைக் கூட்டி, அதைக் கடன் தவணைக்கு அடகு வைப்பதுதான் சிக்கல்.

கட்டுவது வியாபாரி, தாங்குவது யார்?

ஏலத்துக்கு வரும் வியாபாரி என்ன கணக்குப் போடுகிறார்? எண்ணெய் ஆலை தரும் விலையிலிருந்து லாரி வாடகை, சாக்கு, கூலி, கட்டணம், தன் லாபம் எல்லாவற்றையும் கழித்துவிட்டு, மிச்சத்தைத்தான் ஏலச் சீட்டில் எழுதுகிறார். கட்டணம் கூடினால் ஆலை விலை கூடாது. ஆலைக்கு ஆந்திராவிலிருந்தும் சரக்கு வருகிறது. வேலூருக்குச் சித்தூர் எட்டும் தூரம்தான். ஆகவே, குறைவது பெரும்பாலும் ஏலச் சீட்டில் எழுதும் விலைதான். ரசீதில் வியாபாரி பெயர் இருந்தாலும், சுமையில் பெரும்பகுதி மூட்டையைக் கொண்டுவந்தவர் தலையில் இறங்குகிறது.

மானாவாரிக்கு மட்டும் பெரிய அடி

சந்தைக் கட்டணம் மொத்த விற்பனை மதிப்பின் மீது விழுகிறது; லாபத்தின் மீது அல்ல. இதன் பொருளை வேர்க்கடலையை, அதாவது நம் பக்கத்து மல்லாட்டையை வைத்துப் பார்ப்போம். கீழே உள்ள எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் செலவையும் விலையையும் போட்டு நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். கட்டணம் முழுவதும் விலையில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம்.

இறவையில் ஏக்கருக்கு 1,100 கிலோ காய், கிலோ 65 ரூபாய். விற்பனை 71,500 ரூபாய். செலவு 46,000 என்றால் மிச்சம் 25,500. இதில் 1 சதவீதக் கட்டணம் 715 ரூபாய். லாபத்தில் 3 சதவீதத்துக்கும் குறைவு.

மானாவாரியில் 600 கிலோ. விற்பனை 39,000 ரூபாய். செலவு 33,000 என்றால் மிச்சம் 6,000. 1 சதவீதக் கட்டணம் 390 ரூபாய். லாபத்தில் 6.5 சதவீதம்.

பூ இறங்கும் சமயத்தில் மழை ஏமாற்றி, அதே மானாவாரி நிலத்தில் 520 கிலோதான் வந்தது என்றால் விற்பனை 33,800. மிச்சம் 800 ரூபாய். 1 சதவீதக் கட்டணம் 338 ரூபாய். லாபத்தில் 42 சதவீதம் போய்விட்டது. கட்டணம் 2 சதவீதமானால் 676 ரூபாய். கையில் நிற்பது 124 ரூபாய்.

கிணறு உள்ளவருக்கு 3 சதவீதமாக இருப்பது, மலையடிவார மானாவாரிக்காரருக்கு 42 சதவீதமாகிறது. ஜவ்வாது மலையில் சாமை விதைக்கும் குடும்பத்துக்கும் இதே கணக்குதான்.

தவணை நிற்காது, மழை பொய்க்கும்

அடுத்த சிக்கல் இன்னும் கடுமையானது. கடன் தவணை ஆண்டுதோறும் தவறாமல் வரும். விளைச்சல் அப்படி அல்ல.

ஒரு கிடங்குக்கு 2 கோடி ரூபாய் கடன், 9 சதவீத வட்டி, 7 ஆண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டில் அசலும் வட்டியும் சேர்ந்து ஏறக்குறைய 46.5 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். 1 சதவீதக் கூடுதல் கட்டணத்தில் அந்தத் தொகை வர வேண்டுமானால் 46.5 கோடி ரூபாய்க்கு விற்பனை நடக்க வேண்டும். வறட்சியில் விற்பனை 30 கோடியாகக் குறைந்தால் வசூல் 30 லட்சம். மீதி 16.5 லட்சத்துக்கு எங்கே போவது? கட்டணத்தை மட்டுமே நம்பியிருந்தால் அதை 1.55 சதவீதமாக உயர்த்த வேண்டும். விவசாயி விழுந்து கிடக்கும் ஆண்டில்தான் கட்டணம் ஏறும்.

இது வெறும் கற்பனை அல்ல. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் ஹாமில்டன் மாவட்ட வாக்காளர்கள், இரண்டு விளையாட்டு அரங்குகள் கட்டுவதற்காக விற்பனை வரியை அரை சதவீதம் உயர்த்த 1996-ல் ஒப்புக்கொண்டார்கள். வரி வசூல் எதிர்பார்த்தபடி வளரவில்லை. 2008-ல் வந்த பொருளாதார மந்தம் நிலைமையை மோசமாக்கியது. கடன் அப்படியே நின்றது. வீட்டு உரிமையாளர்களுக்கு வாக்களித்த வரிச் சலுகை குறைக்கப்பட்டது. மாவட்டத்துக்குச் சொந்தமான ஒரு மருத்துவமனையே கைமாறியது. பணக்கார நாட்டின் நகரத்திலேயே இந்த நிலை என்றால், பருவமழையை நம்பி இருக்கும் வட்டாரத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பஞ்சாப் தரும் பாடம்

சந்தைக் கட்டணத்தை அதிகம் நம்பிய மாநிலம் பஞ்சாப். அங்கே சந்தைக் கட்டணத்தை 100 ரூபாய்க்கு 2 ரூபாயிலிருந்து 3 ரூபாயாக உயர்த்தினார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை ஃபரித்கோட் மருத்துவக் கல்லூரிக்குக் கொடுப்பதும் திட்டத்தில் இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. கேவல் கிருஷண் புரி வழக்கில் 1979-ல் அரசியல் சாசன அமர்வு, 2 ரூபாய் செல்லும், 3 ரூபாய் செல்லாது என்று தீர்ப்பளித்தது. கட்டணம் என்பது, அதைக் கட்டுகிறவருக்குச் சந்தையில் கிடைக்கும் சேவையோடு பொருந்தி இருக்க வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். மருத்துவக் கல்லூரி நல்ல காரியம்தான். ஆனால் அது மூட்டை விற்கும் இடத்துச் சேவை அல்ல.

பிறகு பஞ்சாபில் 1987-ம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊரக வளர்ச்சிக் கட்டணம் என்று தனியாக ஒன்று வந்தது. அது 3 சதவீதம் வரை ஏறியது. அந்த வருவாயைக் காட்டி வங்கியில் கடன் வாங்கி, பயிர்க்கடன் தள்ளுபடிக்குச் செலவிட்டார்கள். நெல்லையும் கோதுமையையும் கொள்முதல் செய்யும் மத்திய அரசு, பணம் சொன்ன வேலைக்குப் போகவில்லை என்று கணக்குக் கேட்டு, கட்டணத்தை நிறுத்தி வைத்தது. 2022-ல் சட்டத்தைத் திருத்தியும் பிரச்சினை தீராமல் 2023-ல் மாநில அரசு உச்ச நீதிமன்றம் சென்றது. நடுவில் சந்தைக்குப் போகும் இணைப்புச் சாலைகளைப் பழுதுபார்க்கப் பணம் இல்லை. கடன் தவணையோ நிற்கவில்லை. வருங்கால அறுவடையை அடகு வைத்தால் இப்படித்தான் முடியும்.

ஒருமுறை வந்த வரி எளிதில் போகாது என்பதற்கு நம் மாநிலமே சாட்சி. மதுவிலக்கால் குறைந்த வருவாயை ஈடுகட்ட, ராஜாஜி ஆட்சியில் 1939-ல் சென்னை மாகாணத்தில் விற்பனை வரி வந்தது. 1971-ல் மதுவிலக்கு தள்ளிவைக்கப்பட்டபோது விற்பனை வரி போய்விடவில்லை. அரசுக்கு வரி தேவை; அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் 'கடன் முடியும் வரை மட்டும்' என்ற வாய்ச்சொல்லை நம்பித் தலையாட்டக் கூடாது.

மறுபக்கமும் உண்டு

கட்டணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிகார் மாநிலம் 2006-ல் விற்பனைக்கூடச் சட்டத்தையே நீக்கியது. கட்டணம் போனது, பராமரிப்பும் போனது. பல சந்தை வளாகங்கள் பாழடைந்தன. ஆந்திராவில் கட்டணத்தை 100 ரூபாய்க்கு 50 பைசாவிலிருந்து 1 ரூபாயாக உயர்த்தியதை 1983-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சேவைக்குத் தக்க நியாயமான உயர்வு சட்டப்படி செல்லும். எனவே, எந்த உயர்வும் தவறு என்று வாதாடிப் பயன் இல்லை. நடத்தும் செலவுக்குக் கட்டணம் சரி. கட்டடக் கடனுக்குக் கட்டணம் தவறு. இந்தக் கோட்டில் நிற்போம்.

கடனை எப்படி அடைப்பது?

முதலாவது, சரியான இடத்தில் கடன் வாங்க வேண்டும். நபார்டு வங்கியின் ஊரக உள்கட்டமைப்பு வளர்ச்சி நிதி 1995-96 முதல் இருக்கிறது. இதில் கடன் வாங்குவதும், 7 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்துவதும் மாநில அரசு. அந்தத் தொகை பொது வருவாயிலிருந்து போகிறது. 40 ஆண்டு நிற்கும் கட்டடத்தின் விலையை ஏழு அறுவடைக்காரர்கள் மட்டும் சுமப்பதைவிட இதுவே நியாயம்.

இரண்டாவது, வட்டியைக் குறைக்கலாம். 2020-ல் தொடங்கிய வேளாண் உள்கட்டமைப்பு நிதியில் 2 கோடி ரூபாய் வரையான கடனுக்கு 7 ஆண்டுகள் வரை 3 சதவீத வட்டி மானியம் உண்டு. கூட்டுறவுச் சங்கங்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் இதைப் பெறலாம். மேலே சொன்ன 2 கோடிக் கடனில் முதல் ஆண்டு மட்டும் 6 லட்சம் மிச்சம்.

மூன்றாவது, பயன்படுத்துகிறவரிடம் வாடகை வாங்க வேண்டும். 2,000 டன் கிடங்கில் 50 கிலோ மூட்டை 40,000 அடுக்கலாம். மூட்டைக்கு மாதம் 5 ரூபாய் என்றால், ஆண்டு முழுவதும் நிறைந்திருந்தால் 24 லட்சம்; பாதி காலியாக இருந்தால் 12 லட்சம். அதனால், தேவைக்கு மேல் பெரிதாகக் கட்டாமல் இருப்பதும், கட்டியதை நிரப்புவதும்தான் உண்மையான வழி. நெல், வேர்க்கடலை, சாமை, புளி என்று பருவத்துக்கு ஒன்றாக மாற்றி வைத்தால் நம் வட்டாரக் கிடங்கு காலியாகக் கிடக்க வேண்டியதில்லை.

நிரப்புவதில் நம் பங்கும் இருக்கிறது. ஈரமான சரக்கைக் கிடங்கில் வைக்க முடியாது. வேர்க்கடலையை 8 சதவீத ஈரப்பதத்துக்கு உலர்த்துங்கள். காயை ஆட்டினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஒலிக்க வேண்டும். நெல் 14 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மூட்டைகளைத் தரையில் போடாமல் மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து தள்ளி அடுக்குங்கள். பூஞ்சை பிடிக்காத சரக்குக்கு விற்பனைக்கூடத்தில் மதிப்பில் 75 சதவீதம் வரை, உச்சவரம்புக்கு உட்பட்டு, 180 நாட்களுக்குப் பொருளீட்டுக் கடன் கிடைக்கும். விலை ஏறும் வரை காத்திருக்க அது உதவும்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

கட்டண உயர்வு என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் விவசாயிகளும், வேளாண் துறைக் களப்பணியாளர்களும் இந்த ஐந்தையும் எழுத்தில் கேளுங்கள்.

1. மொத்தக் கடன் எவ்வளவு, வட்டி என்ன, எந்த ஆண்டில் முடியும்?

2. இப்போதுள்ள கிடங்கில் எத்தனை மாதம், எத்தனை டன் சரக்கு இருந்தது?

3. வாடகை, எடைக்கூலி மூலம் வந்த வருவாய் எவ்வளவு?

4. உயர்த்தும் கட்டணம் தனிக் கணக்கில் இருக்குமா, கடன் முடிந்ததும் எந்தத் தேதியில் குறையும்?

5. வறட்சி ஆண்டில் வசூல் குறைந்தால் பாக்கியை யார் கட்டுவது?

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் மனுக் கொடுக்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. கட்டணத்தை முடிவு செய்யும் அதிகாரம் அதற்கு இல்லை என்றாலும், ஊரின் கருத்தைத் தீர்மானமாக எழுதி விற்பனைக்குழுவுக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்பலாம். மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் மனுவாகக் கொடுக்கலாம்.

களப்பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேலே சொன்ன வேர்க்கடலைக் கணக்கை உங்கள் கிராமத்தின் உண்மையான செலவோடும் விலையோடும் போட்டு, இறவைக்கும் மானாவாரிக்கும் தனித்தனியாக விவசாயிகளிடம் காட்டுங்கள். ஐந்தாவது கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்கும் வரை எந்த உயர்வுக்கும் ஒப்புதல் கையெழுத்துப் போட வேண்டாம் என்பதையும் சொல்லுங்கள்.