இரு நதிகளுக்கிடையே ஒரு பெயர்

பிரான்சில், போர்தோ நகருக்குக் கிழக்கே, கரோன், டோர்டோன் நதிகளுக்கிடையே உள்ள நாட்டிற்கு ஆந்த்ர-து-மேர் என்று பெயர். ‘இரு கடல்களுக்கிடையே’ என்பது பொருள். கடல் ஓதம் அந்நதிகளில் வெகுதூரம் ஏறுகிறது, பெயர் மிகையன்று.

1937இல் அப்பெயர் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. சோவிஞோன், செமியோன், முஸ்கதேல் என்னும் வெண் திராட்சைகளின் கலப்பான, இனிப்பற்ற வெண் மதுவுக்கே பின்னர் அது உரியதாயிற்று. சோவிஞோன் மணமும் புளிப்பும் தரும். செமியோன் கனம் தரும்.

மதுவைப் புகழ்வது நம் நோக்கமன்று. அங்கத்தினர் கவனிக்கத்தக்கது பெயரால் வரும் விலையே. இங்குள்ள உழவர் சிவப்புத் திராட்சையையும் ஏராளமாய்ப் பயிரிட்டனர். அம்மதுவோ ஊர்ப்பெயரைத் தாங்கவியலாது, பொதுவான ‘போர்தோ’ப் பெயரில் விலைபோயிற்று. 2023இல்தான் சிவப்புக்கும் அப்பெயர் கிடைத்தது. அவ்வாண்டிலேயே, விற்பனை சரிந்தமையால், போர்தோ வட்டாரத்தில் கொடிகளைப் பிடுங்குவோர்க்கு ஹெக்டேருக்கு 6,000 யூரோ உதவி அறிவிக்கப்பட்டது.