பட்டமா, சான்றிதழா?



விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது உங்களிடமும் இந்தக் கேள்வி வரும். எஸ்.பி.எம். முடிவு வந்ததும் கோத்தா கோலா மூடாவில் உள்ள என் வீட்டுக்கு யாராவது பிள்ளையோடு வந்து விடுகிறார்கள். "தம்பி, கம்ப்யூட்டர் படிக்கணும்கிறான். டிகிரியா, சர்டிபிகேட்டா?"

என் கதையைத்தான் பதிலாகச் சொல்வேன். 2004-இல் எனக்கு எஸ்.பி.எம். முடிவு வந்தது. அப்பா தோட்டத்தில் பால்மரம் சீவினார். எனக்குப் பின் மூவர். பட்டப்படிப்பு முடியும்வரை குடும்பம் காத்திருக்க முடியாது. பட்டணத்துத் தனியார் மையம் ஒன்றில் ஆறுமாதக் கணினிப் பயிற்சியில் சேர்ந்தேன். கட்டணத்துக்காக அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. சான்றிதழ் கிடைத்தது; சுங்கை பட்டாணியில் கணினி பழுதுபார்க்கும் வேலையும் கிடைத்தது. மேலே படிக்க விண்ணப்பித்தபோதுதான் அச்சான்றிதழுக்கு அங்கீகாரமே இல்லை என்று தெரிந்தது. எஸ்.பி.எம். முடிவை வைத்தே போலிடெக்னிக்கில் முதலிலிருந்து தொடங்கினேன். பட்டம் வாங்கியபோது வயது 26.

தவறு சான்றிதழ் படித்ததில் இல்லை, விசாரிக்காமல் சேர்ந்ததில்தான். 2006-ஆம் ஆண்டு தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் மலேசியத் திறன் தகுதிக்கு ஐந்து நிலைகள் உண்டு. முதல் மூன்று சான்றிதழ், நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர்நிலை டிப்ளோமா. வேலை செய்துகொண்டே படிப்படியாக ஏறலாம்.

நிறுவனங்கள் தரும் சான்றிதழ்கள் வேறு வகை. வேலைக்கு உடனே உதவும்; ஆயுள் குறைவு. சிஸ்கோவின் சி.சி.என்.ஏ. மூன்றாண்டுக்கே செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். ஒரு காலத்தில் பெரிதாகப் பேசப்பட்ட எம்.சி.எஸ்.இ.யை மைக்ரோசாப்ட் 2021 ஜனவரியில் நிறுத்திவிட்டது. பட்டம் காலாவதியாவதில்லை. ஆனால் அதற்கு ஆண்டுகள் வேண்டும், பி.டி.பி.டி.என். கடனும் கூடவே வரும்.

ஆகவே வருபவர்களிடம் நான் மூன்று கேள்விகள் கேட்கிறேன்.

ஒன்று, சம்பளம் இல்லாமல் வீடு எத்தனை ஆண்டு தாங்கும்?

இரண்டு, என்ன வேலை வேண்டும்? பழுதுபார்ப்பு, வலையமைப்புப் பராமரிப்பு என்றால் திறன் சான்றிதழோடு தொடங்கலாம். ஆராய்ச்சி, விரிவுரை, அரசாங்கத்தில் தகவல் தொழில்நுட்ப அதிகாரிப் பதவி என்றால் பட்டம் வேண்டும்.

மூன்று, அந்தப் படிப்பு அடுத்த படிக்குக் கொண்டு போகுமா? திறன் பயிற்சி என்றால் திறன் மேம்பாட்டுத் துறையிடமும், டிப்ளோமா, பட்டம் என்றால் எம்.கியூ.ஏ. பதிவேட்டிலும் சரிபார்க்க வேண்டும்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கும் வழி உண்டு. 21 வயதைக் கடந்தவர்கள் ஏபெல் முறையில் வேலை அனுபவத்தைக் காட்டிப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

பட்டம் உயர்ந்ததா, சான்றிதழ் தாழ்ந்ததா என்று வாதாட வேண்டாம். ஊரில் யாராவது கேட்டால், பதிவேட்டைத் திறந்து காட்டுங்கள். பத்து நிமிட வேலைதான். அன்று எனக்கு அப்படிக் காட்ட ஒருவர் இருந்திருந்தால், அம்மாவின் சங்கிலி கழுத்திலேயே இருந்திருக்கும்.