சிக்கனமும் செயல்திறனும்: ஆற்றல் குறித்த சொற்களில் தெளிவு



வணிக நிறுவனங்களின் ஆற்றல் பயன்பாட்டையும் கரிம உமிழ்வையும் குறைப்பது பொறியியலாரின் பணி என்றே பலரும் கருதுவர். அதில் மொழிக்கும் பங்குண்டு என்பதை நாம் பட்டறிந்தே உணர்ந்தோம். சில ஆண்டுகளுக்கு முன், உணவகங்களுக்கான விளக்கத்தாள் ஒன்றைத் தமிழாக்கியபோது, கருவிகளின் செயல்திறனைக் குறிக்க வேண்டிய இடங்களிலெல்லாம் 'மின்சிக்கனம்' என்று எழுதிவிட்டோம். அதைப் படித்த உணவக உரிமையாளர் ஒருவர், "குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டால் வாடிக்கையாளர் எப்படி உட்காருவார், ஐயா?" என்று கேட்டார். பிழை அவருடையதன்று, நம்முடையது.

சிக்கனமும் செயல்திறனும்

சிக்கனம் என்பது நுகர்வைக் குறைத்துக்கொள்வது. செயல்திறன் என்பது தேவையான பயனைக் குறைந்த ஆற்றலில் பெறுவது. சமையற்கூடத்துப் புகைப்போக்கி விசிறியை எடுத்துக்கொள்வோம். அடுப்புகள் ஓய்ந்திருக்கும் வேளையிலும் அது முழு வேகத்தில் சுழல்கிறது. விசிறிக்குத் தேவையான மின்திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். ஆகவே, வேகத்தை 20 விழுக்காடு குறைத்தால், கோட்பாட்டளவில் மின்திறன் ஏறத்தாழப் பாதியாகிவிடும். இதனால் வாடிக்கையாளருக்கு எவ்விதக் குறையும் நேர்வதில்லை.

ஆற்றலும் திறனும்

'ஆற்றல் திறன்' என்னும் வழக்கும் மயக்கம் தருவதே. இயற்பியலில் ஆற்றல் வேறு, திறன் வேறு. திறன் என்பது ஆற்றல் செலவாகும் வீதம். அதனை வாட் என அளக்கிறோம். 2,000 வாட் திறனுள்ள கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் 2 கிலோவாட் மணி ஆற்றலைச் செலவிடும். அரை மணி நேரம் இயங்கினால் 1 கிலோவாட் மணியே. கடைக்காரரின் மின்கட்டணம் பெரும்பாலும் இந்த ஆற்றலின் அளவைப் பொறுத்ததே. எனவே 'செயல்திறன்' என்றோ, இலங்கைத் தமிழர் வழங்குவதுபோல 'வினைத்திறன்' என்றோ எழுதுவது தெளிவு தரும்.

கரிமமும் கரியமில வாயுவும்

மூன்றாவது மயக்கம் பொருட்செலவு சார்ந்தது. கரிமத்தின் அணு எடை 12; அதனோடு இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த கரியமில வாயுவின் மூலக்கூற்று எடை 44. ஆகவே ஒரு டன் கரிமம் எரிந்தால் ஏறத்தாழ 3.67 டன் கரியமில வாயு உண்டாகும்.

சிங்கப்பூரில் 2019ஆம் ஆண்டு டன்னுக்கு 5 வெள்ளி எனத் தொடங்கிய கரிம வரி, 2024இல் 25 வெள்ளியாக உயர்ந்தது. 2026, 2027ஆம் ஆண்டுகளுக்கு 45 வெள்ளி என அறிவிக்கப்பட்டது. 'கரிம வரி' என்பது பெயரேயன்றி, வரி கணக்கிடப்படுவது கரியமில வாயுவுக்கு நிகரான அளவில்தான். பெயரை அப்படியே நம்பி, டன் கணக்கைக் கரிமத்தின் கணக்காகக் கொள்பவர் வரியை மூன்றிலொரு பங்குக்கும் குறைவாக மதிப்பிட்டுவிடுவார்.

இவ்வரி, ஆண்டுக்கு 25,000 டன்னும் அதற்கு மேலும் நேரடியாக உமிழும் பெரிய ஆலைகளுக்கே உரியது. சிறு கடைகள் அதனை நேரே செலுத்துவதில்லை. ஆயினும் மின்நிலையங்கள் செலுத்தும் வரி மின்கட்டணத்தின் வழியே அவர்களையும் வந்தடைகிறது. கடையின் அடுப்பில் எரியும் எரிவாயு நேரடி உமிழ்வு. வாங்கும் மின்சாரத்துக்காக மின்நிலையத்தில் எழுவது மறைமுக உமிழ்வு. சிங்கப்பூர் மின்சாரத்தில் ஒரு கிலோவாட் மணிக்கு ஏறத்தாழ 0.4 கிலோகிராம் கரியமில வாயு வெளியாகிறது. மாதம் 100 கிலோவாட் மணியைக் குறைக்கும் கடை, ஏறத்தாழ 40 கிலோகிராம் உமிழ்வைத் தவிர்க்கிறது.

வகுப்பறையில் செய்யத்தக்கது

ஆசிரியர்கள் ஒரு மின்கட்டணச் சீட்டை வகுப்புக்குக் கொணர்ந்து, அதிலுள்ள அளவுகளைத் தமிழில் விளக்குமாறு மாணவர்களைக் கேட்கலாம். அவர்களுள் சிலருடைய பெற்றோர் கடை நடத்துவோராக இருக்கக்கூடும். எதை நிறுத்த வேண்டும், எதை மாற்றினால் போதும் என்பதைப் பிள்ளை வீட்டிலே தமிழில் எடுத்துரைக்க முடியுமாயின், நாம் அன்று செய்த பிழை திருந்தியதாகக் கொள்வோம்.